கால் ஐஸ் மாதிரி இருக்கா? வெந்நீரில் வைக்கும் முன் இதைப் படியுங்க

கொடைக்கானலில் உறைபனி என்று டிசம்பர் கடைசியில் ஒரு செய்தி வந்துவிட்டால் போதும். புல்வெளி மேல் உப்பைத் தூவியது போன்ற படங்கள் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பிக்கும். அந்த வார இறுதியிலேயே திண்டுக்கல், மதுரை, திருச்சியிலிருந்து பைக்குகளும் கார்களும் வத்தலக்குண்டு வழியாக மலையேறும். ராத்திரி கேம்ப் ஃபயர், விடியற்காலையில் பனியில் நின்று போட்டோ, ஞாயிறு மாலை இறக்கம். எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்திருக்கும். திங்கட்கிழமை ஆபீஸில் உட்கார்ந்திருக்கும்போது ஷூவுக்குள் கால்விரல் அரிக்கத் தொடங்கும். கழற்றிப் பார்த்தால் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் தடித்து, கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ மினுங்கும். தொட்டால் எரியும்.

"பூச்சி ஏதோ கடிச்சிருக்கு" என்பார் ஒருவர். "ஷூ கடிடா, வேறென்ன" என்பார் இன்னொருவர். மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் சேற்றுப்புண் களிம்பு கைக்கு வரும். பெரும்பாலும் இது மூன்றும் இல்லை. இதன் பெயர் சில்பிளெயின்.

அதே வாரங்களில் மலைக்குக் கீழே, நாகல்நகரிலோ பேகம்பூரிலோ ஒரு வீட்டில் வேறொரு பேச்சு நடக்கும். "ராத்திரியானா ரெண்டு காலும் சில்லுனு ஆயிடுது, தூக்கமே வர மாட்டேங்குது" என்கிறார் 58 வயது அப்பா. "மார்கழிப் பனிக்கு அப்படித்தான் இருக்கும்" என்று ஒரு வாளி வெந்நீர் வைத்துக் கொடுக்கிறார்கள். ஆனால் வெளியே தெர்மாமீட்டர் காட்டுவது 19 டிகிரி. போர்வைக்குள் இருக்கும் காலைச் சில்லிட வைக்கும் அளவுக்கு அது குளிரே கிடையாது.

இரண்டும் வேறு வேறு பிரச்சினைகள். ஆனால் இரண்டு இடத்திலும் முதலில் கைபோவது சூட்டை நோக்கித்தான்: அங்கே நெருப்பு, இங்கே வெந்நீர். இரண்டு இடத்திலும் முதல் தவறு அதுதான்.

உறையாத குளிரில் வரும் புண்

சில்பிளெயினைப் பனிக்கடியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இமயமலையில் ராணுவ வீரர்களுக்கு வரும் பனிக்கடியில் திசுவே உறைந்துபோகிறது. அதற்கு வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போக வேண்டும். சில்பிளெயினுக்கு அவ்வளவு கடுங்குளிர் தேவையில்லை. பூஜ்யத்துக்கு மேலே, சுமார் 15 டிகிரி வரைக்குமான குளிரே போதும். கூடவே ஈரம் இருந்தால் வேலை இன்னும் சுலபம். நனைந்த சாக்ஸ், பனி ஊறிய கேன்வாஸ் ஷூ, ரப்பர் செருப்பு. இதில் எது இருந்தாலும் போதும்.

சமவெளித் தமிழில் இதற்கென்று எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெயர் இல்லை. வெயிலில் வருவதற்கு வேனற்கட்டி, வேர்க்குரு என்று விதவிதமாகப் பெயர் வைத்த நமக்கு, இதைப் பார்க்கும் சந்தர்ப்பமே அதிகம் வாய்க்கவில்லை. அதனால்தான் வந்தால் அடையாளம் தெரிவதில்லை.

உள்ளே நடப்பது இதுதான். குளிர் பட்டதும் உடம்பு முதலில் காப்பாற்ற நினைப்பது இதயம், நுரையீரல், மூளை ஆகியவற்றின் சூட்டை. அதனால் கை, கால் விரல்களுக்குப் போகும் மெல்லிய ரத்தக்குழாய்கள் சுருங்கிக்கொள்கின்றன. ரத்த ஓட்டம் குறைகிறது. விரல் சில்லிட்டு மரத்துப்போகிறது. இதுவரை பிரச்சினை இல்லை, மெதுவாகச் சூடேறினால் குழாய்கள் மெதுவாகத் திறந்து பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் மரத்த காலைத் திடீரென்று நெருப்பின் முன்னால் நீட்டினால், உள்ளே ரத்தம் கொண்டுவரும் குழாய்கள் சட்டென்று விரிந்துவிடும். அதைத் திருப்பி எடுத்துப்போகும் நுண்குழாய்கள் அதே வேகத்தில் விரியாது. குழாயை முழுசாகத் திறந்துவிட்டு வடிகாலை அடைத்துவைத்தது போல ஆகிவிடும். தேங்கிய ரத்தத்திலிருந்து நீர் பக்கத்துத் திசுக்களுக்குள் கசிகிறது. வீக்கம், அரிப்பு, எரிச்சல் எல்லாம் அந்தக் கசிவால் வருபவை.

இது உடனே தெரியாது என்பதுதான் இதன் சூழ்ச்சி. குளிர் பட்டுச் சில மணி நேரம் கழித்தோ மறுநாளோதான் தடிப்பு கிளம்பும். அதற்குள் ஆள் மலையிறங்கி வெயிலுக்கு வந்திருப்பார். சென்னையில் 30 டிகிரியில் உட்கார்ந்துகொண்டு "இது குளிரால வந்தது" என்று யாருக்குத் தோன்றும்?

செல்போன் 8 டிகிரி என்கிறது, புல்லில் ஐஸ் இருக்கிறது

திண்டுக்கல் நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் 2,100 மீட்டர். ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் சராசரியாக 6.5 டிகிரி வெப்பம் குறையும் என்பது பொதுக்கணக்கு. திண்டுக்கல்லில் விடியற்காலை 19 டிகிரி என்றால் மேலே 7 டிகிரிதான் இருக்கும். ஒரே மாவட்டம், 3 மணி நேரப் பயணம், 12 டிகிரி வித்தியாசம். டி-ஷர்ட்டும் ஸ்லிப்பருமாகக் கிளம்பியவருக்கு உடம்பு பழகிக்கொள்ள நேரமே கிடைப்பதில்லை.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. செல்போன் ஆப் 8 டிகிரி என்று காட்டும். ஏரிக்கரைப் புல்வெளியிலும் நிறுத்தியிருக்கும் கார் மேலும் வெள்ளையாக உறைபனி படிந்திருக்கும். ஆப் பொய் சொல்லவில்லை. வானிலைக் கணக்கில் வெப்பம் அளக்கப்படுவது தரையிலிருந்து நாலடி உயரத்தில், நிழல்கூட்டுக்குள். மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, தனக்கு மேலே இருக்கும் காற்றைவிட வேகமாகக் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. சரிவுகளில் வழிந்து பள்ளங்களில் தேங்கும். அதனால் ஏரியைச் சுற்றியுள்ள தாழ்வான இடங்களிலும், மன்னவனூர் மாதிரியான மேல்மலை ஊர்களின் பள்ளத்துப் புல்வெளிகளிலும் தரைமட்டக் குளிர் பூஜ்யத்தைத் தொட்டுவிடும். உங்கள் முகம் இருப்பது 8 டிகிரியில். கால் நிற்பது பூஜ்யத்தில். ஜெர்கின், மங்கி கேப், மப்ளர் எல்லாம் போட்டுக்கொண்டு காலில் மட்டும் ரப்பர் செருப்போடு செல்ஃபி எடுப்பவர்களைப் பார்த்தால், உடம்பின் எந்தப் பகுதியைக் காப்பாற்ற வேண்டுமோ அதைத் தவிர எல்லாவற்றையும் மூடியிருப்பது தெரியும்.

மேல்மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் இது வராமல் இல்லை. ஆனால் சமவெளிக்காரருக்குக் கொஞ்சம் கூடுதல் சிக்கல். விரலை ஐஸ் தண்ணீரில் வைத்தால் முதலில் ரத்தக்குழாய் சுருங்கும், 5, 10 நிமிடங்களில் தானாகக் கொஞ்சம் திறந்து விரலுக்குச் சூடு கொடுத்துவிட்டு மறுபடி மூடிக்கொள்ளும். லண்டன் மருத்துவர் தாமஸ் லூயிஸ் 1930-ல் இதை விவரித்தார். வெப்பப் பகுதிகளில் வளர்ந்தவர்களிடம் இந்தத் திறப்பு தாமதமாகவும் குறைவாகவும் நடப்பதைப் பிற்பாடு வந்த ஆய்வுகள் காட்டின. தைரியம், உடல்வலு இதற்கெல்லாம் சம்பந்தமே இல்லை. கால்விரல் ரத்தக்குழாயை ஜிம்மில் பயிற்றுவிக்க முடியாது. பெண்கள், மெலிந்த உடல்வாகு உள்ளவர்கள், புகைப்பவர்கள், ஏற்கெனவே குளிரில் விரல் வெளிறிப்போகும் பழக்கம் உள்ளவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். முதல் தடவை லண்டனுக்கோ டொரன்டோவுக்கோ படிக்கப் போகும் மாணவர்கள் நவம்பரில் ஹீட்டர் மேல் காலைத் தூக்கி வைத்து வாங்கிக்கொள்வதும் இதே சங்கதிதான்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இணையத்தில் சில்பிளெயின் என்று தேடினால் வருவது பெரும்பாலும் வெள்ளைத் தோல். ரோஜா நிறத்தில் சிவந்த விரல்கள். நம் தோலில் அப்படித் தெரியாது. மாநிறத்தில் கருஞ்சிவப்பு அல்லது ஊதா. கறுத்த தோலில் சுற்றியுள்ளதைவிட இன்னும் கறுத்த, மினுமினுப்பான தடிப்பு. நிறத்தை நம்புவதைவிட அரிப்பு, எரிச்சல், வீக்கம், அதற்கு முன்னால் ஒரு குளிர் இரவு என்ற வரிசையை நம்பலாம்.

கேம்ப் ஃபயரும் கரி அடுப்பும்

டென்ட் கேம்ப்களில் ராத்திரி 10 மணிக்கு நெருப்பு மூட்டுவார்கள். அதுவரை ஈரப் புல்லில் நடந்து மரத்துப்போன காலை, சாக்ஸைக் கழற்றிவிட்டு, நெருப்புக்கு ஒரு அடி தூரத்தில் நீட்டுவார்கள். "ஆஹா, இப்பத்தான்டா உசுரு வருது." சில்பிளெயினுக்கு இதைவிடப் பொருத்தமான செய்முறை கிடையாது. லாட்ஜ் பாத்ரூமில் கீசர் தண்ணீரை நேராகக் காலில் திருப்பிவிடுவதும், ஹேர் டிரையர் பிடிப்பதும், காரில் ஹீட்டரை முழுசாக வைத்துக் காலுக்குத் திருப்புவதும் இதே வகை.

இன்னொரு பயமும் இருக்கிறது, இது காலைவிடப் பெரியது. பார்பிக்யூ கரி அடுப்பை அணைக்காமல் மூடிய அறைக்குள்ளோ டென்ட்டுக்குள்ளோ வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது. எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. குளிருக்கு இதமாக இருக்கிறதே என்று தூங்கியவர்கள் எழுந்திருக்காமலே போன சம்பவங்கள் கொடைக்கானலிலேயே நடந்திருக்கின்றன.

அப்போ என்னதான் செய்யறது?

முதலில் ஈரத்தைக் களைய வேண்டும். நனைந்த சாக்ஸைக் கழற்றி, காலைத் துண்டால் ஒற்றித் துடைத்து (தேய்க்காமல்), விரல் இடுக்கையும் உலர்த்தி, காய்ந்த கம்பளி சாக்ஸ் போட்டுப் போர்வைக்குள் வைத்துக்கொண்டால் போதும். சூடு உடம்பிலிருந்து காலுக்கு வரட்டும். சூடாக ஒரு டீ குடியுங்கள், கொஞ்சம் நடங்கள், கணுக்காலையும் விரல்களையும் மடக்கி நீட்டுங்கள். 20, 30 நிமிடம் பொறுமையாக இருக்க வேண்டும். கடினமான பகுதி அந்தப் பொறுமைதான்.

பருத்தி சாக்ஸ் நம் ஊர் வேர்வைக்கு நல்லது, பனிக்கு உதவாது. நனைந்தால் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கம்பளி ஈரத்திலும் ஓரளவு சூடு காக்கும். இரண்டு சாக்ஸ் போட்டு இறுக்கமான ஷூவுக்குள் காலைத் திணிப்பது எதிர்மறையான பலனைத் தரும்; இறுக்கம் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், சூடான காற்று தங்க இடமும் இருக்காது. ஒரு சைஸ் பெரிய ஷூ, ஒரு தடித்த சாக்ஸ் சரியான கணக்கு. ராத்திரி ஷூவை டென்ட்டுக்கு வெளியே விட்டால் காலையில் அதற்குள் பனிதான் இருக்கும், அதனால் உள்ளே எடுத்து வையுங்கள். கிளம்பும்போது பையில் இரண்டு ஜோடி சாக்ஸ் கூடுதலாக இருக்கட்டும்.

புண் வந்துவிட்டது என்றால்? பெரும்பாலும் 2, 3 வாரத்தில் தானாக ஆறிவிடும். அதுவரை சொறியாமல் இருப்பதே பெரிய வைத்தியம். தோல் கிழிந்தால் கிருமி புகும். அரிப்புக்குக் கேலமைன் லோஷன் தடவலாம். வலி இருந்தால் பாராசிட்டமால். தோல் காயாமல் இருக்க தேங்காய் எண்ணெயோ சாதாரண மாய்ஸ்சரைசரோ போதும், வெடித்த இடத்தில் மட்டும் வேண்டாம். வலித் தைலம் தேய்த்துக் கட்டுப்போடுவது நம் வீடுகளில் தொட்டதற்கெல்லாம் நடக்கும்; வீங்கிய தோலில் அது எரிச்சலைக் கூட்டும், வேறொன்றும் செய்யாது. சிகரெட்டை அந்த மூன்று வாரமாவது நிறுத்தி வையுங்கள். ஒவ்வொரு சிகரெட்டும் விரல் ரத்தக்குழாயைச் சுருக்குகிறது.

மாத்திரை இருக்கிறதா என்றால், ரத்தக்குழாயை விரிக்கும் நிஃபெடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரையைச் சில மருத்துவர்கள் தருவதுண்டு. ஆனால் நெதர்லாந்தில் நாள்பட்ட சில்பிளெயின் உள்ளவர்களிடம் செய்து 2016-ல் வெளியான ஒரு சோதனையில், அது வெற்று மாத்திரையைவிட மேலான பலன் எதையும் காட்டவில்லை. தலைசுற்றல், கால் வீக்கம் போன்ற பக்க விளைவுகளும் உண்டு. நீங்களாக வாங்கிப் போடும் மருந்து இல்லை அது.

சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால், 3 வாரத்துக்கு மேலும் ஆறாவிட்டால், குளிரே படாமல் இப்படித் தடித்தால், கூடவே மூட்டு வலி, வாய்ப்புண், முகத்தில் சிவப்பு, முடி உதிர்வு இருந்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள். லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோய் சில சமயம் இப்படிக் கால்விரலில் முகம் காட்டும். 2020 வசந்த காலத்தில் ஐரோப்பாவில், குளிர் குறைந்த நேரத்தில், வீட்டுக்குள் முடங்கியிருந்த இளைஞர்களுக்கு இதே மாதிரி விரல் தடிப்பு வந்து 'கோவிட் டோ' என்று பேசப்பட்டதும் சிலருக்கு நினைவிருக்கலாம்.

கீழே, 19 டிகிரியில்

இனி அந்த அப்பாவின் காலுக்கு வருவோம்.

'தைப் பனி தரையைப் பிளக்கும்' என்று நம் ஊரில் சொல்வார்கள். திண்டுக்கல் சமவெளியில் உண்மையில் பிளப்பது குதிகால்தான். காற்றில் ஈரப்பதம் குறைந்து தோல் காய்வதால் வரும் பித்தவெடிப்பு அது. பெயரில் இருக்கும் பித்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ராத்திரி படுக்கும் முன் கழுவித் துடைத்து வாஸ்லின் தடவி சாக்ஸ் போட்டுக்கொண்டால் அடங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையிலும், நிலக்கோட்டைப் பக்கம் விடியலுக்கு முன்னால் பனி ஈரத்தில் பூப்பறிக்க இறங்கும் தோட்டங்களிலும் கால்விரல் இடுக்கு வெளுத்து ஊறி அரித்தால் அது சேற்றுப்புண். பூஞ்சைத் தொற்று, அதற்குத்தான் அந்தக் களிம்பு. சில்பிளெயின் விரலின் மேலும் ஓரத்திலும் தடிக்கும். சேற்றுப்புண் இடுக்கில் ஊறும். இடத்தை வைத்தே பாதி முடிவு செய்துவிடலாம்.

இவை எதுவும் காலைச் சில்லிட வைப்பதில்லை. சமவெளியில், போர்வைக்குள், இரவு முழுக்கக் கால் சில்லென்று இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. வேறொருவர் தன் புறங்கையால் அந்தக் காலைத் தொட்டுப் பார்க்க வேண்டும். முழங்காலுக்குக் கீழிருந்து விரல் வரை, இரண்டு காலிலும்.

தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறது, ஆனால் அவருக்கு மட்டும் சில்லென்று தெரிகிறது என்றால், கோளாறு ரத்த ஓட்டத்தில் இருப்பதைவிட நரம்பில் இருக்க வாய்ப்பு அதிகம். நாள்பட்ட சர்க்கரை, கால் நரம்புகளின் நுனியை முதலில் அரிக்கும். சில்லிப்பு, எரிச்சல், பஞ்சு மேல் நடப்பது போன்ற உணர்வு, செருப்பு கழன்றது தெரியாமல் நடப்பது எல்லாம் அதன் முகங்கள். மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்தும் இப்படி வரலாம். ஐசிஎம்ஆர் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. அதனால் இந்தக் கால் எந்தத் தெருவிலும் இருக்கக்கூடிய கால்தான்.

வெந்நீர் இங்கேதான் ஆபத்தாகிறது. உணர்ச்சி குறைந்த காலுக்குச் சூடும் தெரியாது. "இன்னும் கொஞ்சம் சூடா ஊத்தும்மா, ஒண்ணுமே தெரியலை" என்பார் அவர். தெரியாததற்குக் காரணம் தண்ணீர் ஆறிவிட்டது அல்ல. காலையில் கொப்புளம் இருக்கும். சர்க்கரைக் காலில் கொப்புளம் புண்ணாகி, புண் ஆறாமல் ஆழமாகி, விரலை எடுக்கும் வரைக்கும் போவதுண்டு. ஹாட் வாட்டர் பேக், சூடான செங்கல் ஒத்தடம், ஹீட்டிங் பேட் எல்லாம் இதே ரகம். கால் கழுவும் தண்ணீரைக்கூட வேறொருவர் முழங்கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். சில்லிப்புக்குச் சாக்ஸ் போதும். மறுநாள் சர்க்கரை டெஸ்ட்டும் கால் பரிசோதனையும்.

தொட்டாலே கால் ஜில்லென்று இருக்கிறது, அதுவும் ஒரு கால் மற்றதைவிட அதிகமாக என்றால் கதை வேறு. ரத்தம் வரும் பாதையில் அடைப்பு இருக்கலாம். கூடவே ஒரு கேள்வி கேளுங்கள்: நடந்தால் ஆடுசதை இழுத்துப் பிடிக்கிறதா, நின்றால் சரியாகிவிடுகிறதா? "கடை வரைக்கும் ஒரே மூச்சா போக முடியலை, நடுவுல ரெண்டு எடத்துல நின்னுதான் போறேன்" என்பது வயசானதன் அடையாளம் என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். பல நேரம் அது கால் ரத்தக்குழாய் அடைப்பின் வாக்குமூலம். பாதத்தின் மேற்பகுதியிலும் உள்கணுக்காலுக்குப் பின்னாலும் நாடித்துடிப்பு இருக்கும். மருத்துவர் அதைத் தொட்டுப் பார்ப்பார், கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிடுவார். ஊசி குத்தாத எளிய சோதனை அது.

புகையிலைக்கும் சுருட்டுக்கும் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த ஊர் திண்டுக்கல். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு 40 வயதுக்கு முன்பே கை, கால் ரத்தக்குழாய்கள் வீங்கி அடைத்துக்கொள்ளும் ஒரு நோய் உண்டு. 1908-ல் அதை விரிவாக எழுதிய மருத்துவர் பெயரால் பர்கர் நோய் என்கிறார்கள். (சாப்பிடும் பர்கர் இல்லை.) விரல் சில்லிடும், ராத்திரி வலிக்கும், நுனி கறுக்கும். புகையிலையை முற்றாக விட்டால்தான் நோய் நிற்கும்; ஒன்றிரண்டாகக் குறைப்பதில் பலனில்லை. கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டு 41 நாள் சிகரெட்டைத் தொடாமல் இருந்தவர்கள் இதை முடியாது என்று சொல்ல முடியாது.

மாலை என்றதும் வெறுங்கால் நினைவுக்கு வருகிறது. சபரிமலை விரதத்தில் செருப்பில்லாமல் நடப்பவர்களும், தைப்பூசத்துக்கு ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களும் ராத்திரி குளிர்ந்த தார் ரோட்டிலும் பகலில் கொதிக்கும் தார் ரோட்டிலும் மாறி மாறிக் கால் வைக்கிறார்கள். உணர்ச்சி உள்ள கால் வலித்து எச்சரிக்கும். சர்க்கரைக் கால் எச்சரிக்காது. கல் குத்தியதும் தெரியாது, பாதம் வெந்ததும் தெரியாது. சர்க்கரை உள்ள அப்பாவோ அப்பத்தாவோ நடந்துதான் தீருவேன் என்றால், ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூட வருபவர் அவர்கள் உள்ளங்காலை டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது. தடித்த சாக்ஸாவது போடச் சொல்லலாம். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஒன்றை மட்டும் காத்திருந்து பார்க்கக் கூடாது. ஒரு கால் திடீரென்று ஜில்லிட்டு, வெளிறி, கடுமையாக வலித்து, அசைக்க முடியாமல் போனால் அது ரத்தக்கட்டி வந்து பாதையை அடைத்திருப்பதன் அறிகுறி. சுமார் 6 மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டத்தைத் திருப்பாவிட்டால் காலைக் காப்பாற்றுவது கஷ்டம். தைலம் தேய்க்கும் நேரம் இல்லை அது. 108-க்கு போன் செய்யும் நேரம்.

வயசு 25, சர்க்கரையும் இல்லை, சிகரெட்டும் இல்லை

அப்படியும் ஏசி ஆபீஸில் கால் சில்லிடுகிறதே? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுக்கு உட்பட்ட இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. உடம்பு வற்றும்போது கை, கால் ஜில்லிடும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் அப்படித்தான், கூடவே எடை ஏறும், முடி கொட்டும், எப்போதும் அசதியாக இருக்கும். ஹீமோகுளோபின், டிஎஸ்ஹெச் என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகளில் விஷயம் தெரிந்துவிடும். ஒற்றைத்தலைவலிக்கோ படபடப்புக்கோ புரப்ரனலால், ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால் சாப்பிடுபவர்களுக்கும் கை, கால் சில்லிடுவது தெரிந்த பக்க விளைவு. மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள்.

விரல் முதலில் வெளுத்து, பிறகு நீலம் பாரித்து, சூடேறும்போது சிவந்து விறுவிறுக்கிறது என்றால் அது ரேனோ. 1862-ல் பிரெஞ்சு மருத்துவர் மோரிஸ் ரேனோ எழுதியதால் அந்தப் பெயர். நம் நிறத்தில் அதை நகக்கண்ணிலும் உள்ளங்கையிலும் பார்த்தால் தெரியும். இளம் வயதில், இரண்டு கையிலும் ஒரே மாதிரி, புண் எதுவும் இல்லாமல் வந்தால் பெரும்பாலும் தொந்தரவில்லாதது. 30 வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பித்தால் பரிசோதிக்க வேண்டும். கொடைக்கானல் போய் சில்பிளெயின் வாங்கிவருகிறவர்களில் இவர்களும் உண்டு.

மாவட்டத்தில் இதற்கெல்லாம் தூரமாகப் போக வேண்டியதில்லை. திண்டுக்கல்லில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-ல் தொடங்கியது. சர்க்கரை நோயாளிகளின் காலைப் பரிசோதிப்பதற்கென்றே 'பாதம் பாதுகாப்போம்' என்ற திட்டமும் அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது. மாத்திரை வாங்கப் போகும் அப்பா செருப்பைக் கழற்றி "காலையும் பாத்துருங்க சார்" என்று கேட்கத்தான் தயங்குவார். கூடப் போகிறவர் கேட்கலாம்.

சில்பிளெயின் ஒரு தடவை வந்தவருக்கு அடுத்த குளிரிலும் வர வாய்ப்பு உண்டு, பெரும்பாலும் அதே விரல்களில். அதனால் இந்த வருடம் சுண்டுவிரல் தடித்தவர்கள், அடுத்த டிசம்பரில் கொடைக்கானலுக்கு ரூம் புக் பண்ணும் அன்றைக்கே கம்பளி சாக்ஸையும் வாங்கிவிடுங்கள்.